முந்நூறு ரூபாய்க்கு யார் வழக்குப் போடுவார்கள்?

கேமரா வாங்கும் முன் மூன்று மாதம் யோசிக்கிறோம். தெரிந்தவர்களிடம் விசாரிக்கிறோம், யூடியூபில் ஆளாளுக்குச் சொல்வதைக் கேட்கிறோம், தீபாவளித் தள்ளுபடி வரட்டும் என்று பொறுத்திருக்கிறோம். அந்தக் கேமராவுக்குள் போடும் மெமரி கார்டை மட்டும் மூன்றே நிமிடத்தில் வாங்கிவிடுகிறோம். மடிக்கணினிக்குக் காட்டும் அக்கறை அதன் சார்ஜருக்கு இல்லை. கைப்பேசிக்குக் காட்டுவது அதன் கேபிளுக்கு இல்லை. ஆனால், எடுத்த படம் காணாமல் போனாலும், கணினியின் போர்ட் கருகினாலும், விசாரணையில் பெரும்பாலும் மாட்டுவது இந்தச் சின்னப் பொருள்தான்.

தாம்பரத்துக்குக் கிழக்கே மாடம்பாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று விரியும் பகுதியில் இத்தகைய துணைப் பொருட்களை நம்பி வேலை பார்ப்பவர்கள் ஏராளம். மேடவாக்கம் வழியாக ஓஎம்ஆர் அலுவலகங்களுக்குப் போய்வருகிறவர்கள் ஒருபுறம். 2020 ஊரடங்கில் வீட்டுக்குள் வந்த ஹெட்செட்டும் வெப்கேமும் அவர்களில் பலருக்கு இன்னும் அலுவலகக் கருவிகள்தான். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று படமெடுத்துப் பிழைக்கும் இளைஞர்கள் இன்னொருபுறம். மாடம்பாக்கம் ஏரிக்கரையிலும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்திலும் விடியற்காலையில் நீண்ட லென்ஸோடு பறவைக்குக் காத்து நிற்பவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். இவர்களுக்கு மூன்று சந்தைகள்: கேம்ப் ரோட்டிலும் அகரம்தென் சாலையிலும் இருக்கிற சின்னக் கடைகள், எழும்பூர் வரை மின்சார ரயிலில் போனால் எட்டிவிடக்கூடிய ரிச்சி தெரு, இருந்த இடத்திலேயே இணையம்.

இந்த ரயில் தடத்தின் மறுமுனையில் இன்னொரு சந்தை இருந்தது, இன்றும் இருக்கிறது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931இலிருந்து ஓடுகிறது. கடற்கரை நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் பர்மா பஜார். பர்மாவிலிருந்து 1960களில் வெறுங்கையோடு திரும்பிய தமிழர்கள் பிழைப்புக்காகப் போட்ட கடைகள் அவை. வாக்மேன், டேப் ரெக்கார்டர், ஜப்பான் கேமரா என்று ஒரு தலைமுறையின் ஆசைகள் அங்கேதான் தீர்ந்தன. பில் கிடையாது, வாரண்டி கிடையாது. வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே செங்கல் இருந்த கதையைச் சென்னையில் கேட்காதவர் இல்லை. அந்தக் காலத்து வாடிக்கையாளர் அதைத் தெரிந்தேதான் போனார். சுங்கவரி கட்டாத பொருள், அதற்கேற்ற விலை, அதற்கேற்ற ஆபத்து. பேரம் நேர்மையாகத்தான் இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

இன்று நிலைமை வேறு. பொருள் முறையாக இறக்குமதியாகிறது அல்லது இங்கேயே தயாராகிறது. உறையில் அதிகபட்ச சில்லறை விலை அச்சாகியிருக்கிறது. அதற்குள் 18% ஜிஎஸ்டியும் அடக்கம். வரியோடு முழு விலை கொடுக்கிறோம். ஆனால், விற்கும் முறை மட்டும் இன்னும் பர்மா பஜாரைவிட்டு வரவில்லை.

எரிந்தால் போதுமா?

ஒரு பவர் பேங்க் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் தன்னுடைய கைப்பேசியில் செருகிக் காட்டுவார். சார்ஜ் ஏறும் குறி வரும். “பாத்துக்கோங்க சார், செக்கிங் வாரண்டி மட்டும்தான்” என்பார். செக்கிங் வாரண்டி என்பது கடையின் படி இறங்கும்வரை செல்லும் வாரண்டி. விளக்கு எரிந்ததை நீங்களே பார்த்தீர்கள் அல்லவா? கணக்கு அத்தோடு முடிந்தது.

கோளாறு என்னவென்றால், இந்தப் பொருட்களின் குறை எதுவும் கடைப்படியில் தெரிவதில்லை. போலி மெமரி கார்டை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது 16 ஜிபி சில்லு. ஆனால், அதன் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்தி, கேமராவிடம் “நான் 256 ஜிபி” என்று சொல்ல வைத்திருப்பார்கள். கேமராவும் நம்பும், கணினியும் நம்பும். முதல் 16 ஜிபி வரை படங்கள் ஒழுங்காகவே பதிவாகும். அதற்குமேல் எழுதுவது பழையதன் மேல் விழும் அல்லது எங்கேயும் பதியாமல் போகும். கோப்புகளின் பட்டியல் மட்டும் கார்டின் தொடக்கத்தில் பத்திரமாக இருக்கும் என்பதால் எல்லாப் படங்களின் பெயரும் வரிசையாகத் தெரியும், திறந்தால் ஒன்றுமிருக்காது. முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, மண்டபத்தைக் காலி செய்த பிறகுதான் இது தெரியவரும்.

இதைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி, கார்டு முழுவதையும் நிரப்பித் திரும்பப் படிப்பதுதான். ஜெர்மானியக் கணினி இதழான ‘சிடி’ வெளியிட்ட ‘ஹெச்2டெஸ்ட்டபிள்யூ’, ‘எஃப்3’ என்று இதற்கென்றே இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால், நொடிக்கு 30 எம்பி வேகத்தில் 128 ஜிபியை நிரப்பவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எந்தக் கடையில் அதுவரை நிற்க விடுவார்கள்? அப்படியே நிற்கச் சொன்னாலும் நாம்தான் நிற்போமா?

பவர் பேங்க்கின் கதை வேறு மாதிரி. அது பொய் அல்ல, பாதி உண்மை. 20,000 எம்ஏஹெச் என்று உறையில் இருப்பது உள்ளிருக்கும் பேட்டரியின் 3.7 வோல்ட் கணக்கு. வெளியே வருவது 5 வோல்ட். அப்படி மாற்றினால் 14,800. மாற்றும்போது வெப்பமாகப் போகும் இழப்பையும் கழித்தால் கைக்கு வருவது ஏறக்குறைய 12,500. பல பெட்டிகளில் இந்தக் கணக்குக்கும் இடம் உண்டு, ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று எறும்பு எழுத்தில். ஒலிப்பெட்டிச் சந்தை இந்த வித்தையை எப்போதோ கற்றுக்கொண்டது. கேசட் காலத்து டூ-இன்-ஒன்களில் ‘பிஎம்பிஓ 1000 வாட்ஸ்’ என்று பெரிதாக ஒட்டியிருக்கும். அதற்கு மின்சாரம் கொடுக்கும் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 12 வோல்ட், 2 ஆம்பியர், அதாவது 24 வாட்ஸ். 24 வாட்ஸ் உள்ளே போய் 1000 வாட்ஸ் வெளியே வரும் அதிசயத்தைப் பற்றி அப்போதும் யாரும் கேட்கவில்லை.

எல்லாப் பழியையும் விற்பவர் மேல் போடுவதும் சரியல்ல. லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சென்னைக் காற்றின் ஈரத்தால். சிலிக்கா ஜெல் பையும் மூடி இறுகும் டப்பாவும் இருந்தால் பெருமளவு தவிர்க்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை முடிச்சூரையும் செம்பாக்கத்தையும் சூழ்ந்தபோது நனைந்த கணினிகளுக்கு எந்த வாரண்டியும் உதவாது. தண்ணீர்ச் சேதம் சேராது என்று அட்டையிலேயே இருக்கும். நான் பேசுவது இவற்றைப் பற்றியல்ல. விற்கும்போதே பொருளுக்குள் இருந்து, பத்து இருபது நாள் கழித்து வெளியே வரும் குறையைப் பற்றி.

நட்சத்திரங்கள் எதை அளக்கின்றன?

இணையத்தில் வாங்கினால் மற்ற வாடிக்கையாளர்களின் அனுபவம் கைகொடுக்கும் என்று நம்புகிறோம். அங்கேயும் நடப்பது செக்கிங் வாரண்டிதான். பார்சல் வந்த அன்றே, பெட்டியைப் பிரித்த சூட்டில், ஐந்து நட்சத்திரம் போடுகிறோம். அது பொருளுக்கான மதிப்பெண் அல்ல, கொண்டுவந்து கொடுத்ததற்கான மதிப்பெண். எட்டாவது மாதத்தில் இடது காது இயர்பட் மட்டும் செத்துப்போகும்போது, அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போய் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. இதில், “ஐந்து நட்சத்திரம் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் நூறு ரூபாய்” என்று பெட்டிக்குள்ளேயே சீட்டு வைக்கும் விற்பனையாளர்கள் வேறு. பழைய பொருளுக்கு வந்த ஆயிரம் மதிப்புரைகளைப் புதிய பொருளின் கணக்கில் சேர்த்துவிடும் தந்திரமும் உண்டு. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023இல் இதற்காகவே ஒரு நிறுவனத்தை ஆறு லட்சம் டாலர் கட்ட வைத்தது. இந்தியாவில் இணைய மதிப்புரைகளுக்கென்று ‘ஐஎஸ் 19000’ என்ற தரநிலை 2022இல் வந்தது. ஆனால், விருப்பமுள்ளவர்கள் பின்பற்றலாம் என்ற அளவில்.

வாடிக்கையாளர் அனுபவம் என்பது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. பென்சன் லியூங் என்ற கூகுள் பொறியாளர் 2015இல் அமேசானில் விற்ற டைப்-சி கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதிக்க ஆரம்பித்தார். பழைய யுஎஸ்பி முனையிலிருந்து டைப்-சிக்குப் போகும் கேபிளுக்குள் 56 கிலோ ஓம் மின்தடை ஒன்று இருக்க வேண்டும். அதற்குப் பதில் குறைந்த மதிப்புள்ளதை வைத்துவிட்டால், மின்சாரம் தரும் பக்கம் தாங்கும் அளவுக்கு மீறிக் கைப்பேசி அதை இழுக்கும்; பலியாவது சார்ஜராகவோ கணினியின் போர்ட்டாகவோ இருக்கும். அவர் முடிவுகளை அந்தந்தப் பொருளின் பக்கத்திலேயே மதிப்புரையாக எழுதினார். ஒரு மோசமான கேபிள் அவருடைய மடிக்கணினியையே காவு வாங்கியது. 2016 மார்ச்சில், விதிமுறைக்கு உட்படாத டைப்-சி கேபிள்களை விற்க அமேசான் தடைவிதித்தது. நம் எல்லோராலும் பொறியாளர் ஆக முடியாது. ஆனால், முப்பதாவது நாளில் ஒரு வரி எழுதலாம்.

முப்பதாவது நாள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் நியாயமற்ற வணிக முறைகளை வரையறுக்கும் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவற்றுள் இரண்டு இங்கே முக்கியம். விற்ற பொருளுக்கு பில் தராமல் இருப்பது ஒன்று. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது மற்றொன்று. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், எதுவும் குறிப்பிடவில்லை என்றால் முப்பது நாட்களுக்குள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் பலகை குறையுள்ள பொருளைக் கட்டுப்படுத்தாது. தாமதமாக வெளிப்படும் குறைக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கும் இந்த விதியை எத்தனை பேர் கடையில் எடுத்துச் சொல்லியிருப்போம்?

சொல்வதற்கு முதலில் பில் வேண்டும். “பில் வேணுமா சார்? பில்லுன்னா ஜிஎஸ்டி சேர்த்துதான் போடணும்” என்ற வசனம் வந்ததும் நாம் பின்வாங்கிவிடுகிறோம். அச்சிட்ட விலைக்குள் எல்லா வரியும் அடக்கம்; அதற்குமேல் கேட்க முடியாது. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்கு உட்பட்ட கடை ஜிஎஸ்டியில் பதியவே வேண்டியதில்லை. பதியாத கடையும் ரசீது தரலாம். தொகுப்பு வரித் திட்டத்தில் உள்ள வணிகர் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்கவே கூடாது. இருநூறு ரூபாய்க்குக் குறைவான விற்பனைக்கு, வாங்குபவர் கேட்காவிட்டால் வரிப் பட்டியல் தர வேண்டாம் என்று ஜிஎஸ்டி சட்டம் சலுகை தந்திருக்கிறது. ஆக, முந்நூறு ரூபாய்க் கேபிளுக்கு எந்தச் சாக்கும் இல்லை.

வேங்கைவாசலிலோ அகரம்தென்னிலோ கடை வைத்திருப்பவரின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் போகக் கூடாது. அவர் ரிச்சி தெருவில் மொத்தமாக எடுக்கிறார். அங்கேயும் பெரும்பாலும் துண்டுச் சீட்டுதான், அங்கேயும் திரும்ப எடுப்பதில்லை. நூறு கேபிளில் பத்து கெட்டுப்போனால் நஷ்டம் அவர் தலையில். ஏமாந்தவர்தான் என்றாலும், மறுவிற்பனைக்காக வாங்குபவர் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர் அல்லர். அவருக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடியே இருக்கிறது. எனவே, தனக்குக் கிடைக்காத பில்லை நமக்குத் தர அவர் தயங்குகிறார். இவ்வளவு இருந்தும், எந்த நிறுவனத்தின் கேபிள் திரும்பி வருகிறது, எது வருவதில்லை என்பது இணையத்தின் நாலாயிரம் நட்சத்திரங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். “இது வேணாம் தம்பி, அது எடுத்துக்கோ, அம்பது ரூபா கூட ஆகும்” என்று சொல்கிற கடைக்காரர் கிடைத்தால் விடாதீர்கள். என்னைக் கேட்டால், முப்பது நாள் மாற்றித்தரும் கையெழுத்தோடு பில் தருகிற கடைக்கு இணைய விலையைவிடப் பத்து சதவீதம் கூடுதலாகக் கொடுப்பது நஷ்டமே இல்லை.

செங்கல்பட்டுக்கு ஒரு டிக்கெட்

பில் இருந்தும் கடைக்காரர் மறுத்தால்? மாடம்பாக்கத்தின் அஞ்சல் குறியீடு 600126 என்று சென்னைக்காரர்போலக் காட்டினாலும், ஊர் இருப்பது செங்கல்பட்டு மாவட்டத்தில். மாவட்ட நுகர்வோர் ஆணையம் செங்கல்பட்டில். அதாவது, தாம்பரத்திலிருந்து பர்மா பஜாருக்கு எவ்வளவு தூரமோ, ஆணையத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவு தூரம். அதே தண்டவாளத்தில், எதிர்த் திசையில். ஆனால், இணையத்திலேயே புகாரைத் தாக்கல் செய்யும் வசதி 2020இல் வந்துவிட்டது. காணொலி வழி விசாரணைக்கும் சட்டத்தில் இடமுண்டு. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. விற்பனையாளர் குருகிராமில் இருந்தாலும், வாங்கியவர் தான் வசிக்கும் ஊருக்குரிய ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. படமெடுத்துப் பிழைக்கும் தனிநபர், ‘தொழிலுக்காக வாங்கினாய்’ என்று ஒதுக்கப்படுவோமோ என அஞ்ச வேண்டாம். சுயதொழிலாக வயிற்றுப்பாட்டுக்கு வாங்குபவர் நுகர்வோர்தான் என்கிறது சட்டம்.

காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. சோதனை தேவையில்லாத வழக்கை எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்துக்குள்ளும், ஆய்வகச் சோதனை வேண்டியிருந்தால் ஐந்து மாதத்துக்குள்ளும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். ஆனால், கேபிளுக்குள் மின்தடை சரியாக இருக்கிறதா என்பதை ஆய்வகம்தானே சொல்ல முடியும்? அந்தச் சோதனைக் கட்டணத்தைப் புகார்தாரரே கட்ட நேரிடலாம்; முந்நூறு ரூபாய்ப் பொருளுக்கு அது எந்தக் கணக்கிலும் சேராது. யாரும் போகமாட்டார்கள் என்பது விற்பவருக்குத் தெரியும். நம்முடைய சோம்பலையும் சேர்த்தேதான் விலை போடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

தனித்தனி வழக்குகளால் இந்தச் சந்தை திருந்தாது. சட்டம் அதற்கும் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. 2020 ஜூலையில் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஒரே குறை பலரைப் பாதிக்கும்போது தானாகவே விசாரிக்கலாம். பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொல்லலாம், பணத்தைத் திருப்பித்தரச் சொல்லலாம். கேட்காமலேயே ‘பாதுகாப்புத் திட்டம்’ என்று எதையாவது கூடைக்குள் தள்ளிவிடும் இணையத் தந்திரங்கள் உட்பட 13 வகை ஏமாற்றுகளை 2023 நவம்பரில் பட்டியலிட்டதும் இந்த ஆணையம்தான். சார்ஜர் அடாப்டர், பவர் பேங்க், ஒயர்லெஸ் இயர்போன், புளூடூத் ஸ்பீக்கர், வெப்கேம் போன்றவை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பதிவெண் இல்லாமல் விற்கக் கூடாதவை. ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் அந்த எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். 2025 மார்ச்சில் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள இணைய வணிகக் கிடங்குகளுக்குள் பிஐஎஸ் அதிகாரிகள் நுழைந்து சான்றில்லாத பொருட்களைப் பறிமுதல் செய்தார்கள். கிடங்கு வரை போக முடிகிறவர்கள், ரிச்சி தெருவின் மொத்தக் கடைகளுக்கும் அடிக்கடி போகலாம். சங்கிலி அங்கே அறுந்தால்தான் மாடம்பாக்கத்துக் கடைக்காரர் கைக்கு பில் வரும்.

மத்திய ஆணையம் செயல்பட அதற்குப் புகார்கள் கொத்தாகக் கிடைக்க வேண்டும். அதற்கான வாசல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழ் உட்படப் பதினேழு மொழிகளில் பேசுகிறார்கள். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை; புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், அவ்வளவுதான். ஆனால், ஒரே நிறுவனத்தின் ஒரே ரக இயர்பட் எட்டாவது மாதத்தில் சாகிறது என்பது முதலில் தெரியவரக்கூடிய இடம் அதுதான். துறைவாரியாக இத்தனை கோடி ரூபாய் திரும்ப வாங்கித் தந்தோம் என்று அரசு அவ்வப்போது செய்திக்குறிப்பு வெளியிடுகிறது. மகிழ்ச்சி. அதோடு நிற்காமல், மாதந்தோறும் நிறுவனத்தின் பெயர், பொருளின் ரகம், வாங்கி எத்தனை நாளில் கெட்டது என்ற மூன்று பத்திகளோடு அந்தப் பட்டியலை அப்படியே பொதுவில் வைக்கட்டும். புகார்தாரரின் பெயர் வேண்டாம், ஊரின் பெயர்கூட வேண்டாம். அடுத்த முறை ரிச்சி தெருவில் சரக்கெடுக்கப் போகும் கடைக்காரரும் அதைக் கைப்பேசியில் திறந்து பார்த்துவிட்டுத்தான் பேரம் பேசுவார்.